தோட்டப்புற டவுனுக்கு ஒரு வரைபடம்: நகரத் திட்டத்தில் நம் இடங்களையும் சேர்ப்பது எப்படி?

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு டவுனை நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் தேடிப் பாருங்கள். கடைத்தெரு தெரியும், தாமான் வீடுகள் தெரியும். மற்றதெல்லாம் பெரும்பாலும் ஒரே பரப்பாக, விவசாய நிலம் என்ற நிறத்தில் இருக்கும். அந்த நிறத்துக்குள்ளேதான் லயங்கள், முனீஸ்வரர் கோயில், பந்துத் திடல், இடுகாடு, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துபோகும் குறுக்குப் பாதை எல்லாம் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களுக்கு அவை தெரியும். திட்டம் போடுகிறவரின் கணினிக்குத் தெரியாது.

கணினி வரைபடம் போடுவது இன்று பெரிய வித்தை இல்லை. ஒரு மடிக்கணினி, இரண்டு மூன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், நடக்கத் தயங்காத நான்கைந்து பேர் இருந்தால் போதும். கோயில் நிர்வாகமோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, இளைஞர் மன்றமோ, இந்திய சமூகத் தலைவரோ யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். தேவையான மென்பொருள் எல்லாம் இலவசம். கணினியில் எக்செல் திறக்கத் தெரிந்தவருக்கு மற்றதைக் கற்றுக்கொள்ள முடியும்.

எடுத்துக்காட்டுக்குச் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை வைத்துக்கொள்கிறேன். பழைய ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டப்புற டவுன்களின் எல்லாக் குணமும் அந்த வட்டாரத்தில் உண்டு. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய தென்னமரம் எஸ்டேட் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே சிலாங்கூர் ஆறு, பழைய ஈயச் சுரங்கக் குளங்கள், ஒரு பல்கலைக்கழக வளாகம். 2011-இல் லத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூர் இன்னும் கிட்ட வந்துவிட்டது. சாலை வந்தால் தாமான் வரும், தாமான் வந்தால் தோட்ட நிலத்தின் நிலைமை மாறும். உங்கள் ஊர் சுங்கை சிப்புட்டாக இருந்தாலும் பாடாங் செராயாக இருந்தாலும் இதே படிகள்தான்.

எந்தக் கட்டத்தில் போய்ப் பேச வேண்டும்?

மென்பொருளைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தீபகற்ப மலேசியாவில் நகரத் திட்டமிடலுக்கு அடிப்படை 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அக்தா 172 என்று சொன்னால் எந்த ஆபிஸிலும் புரியும். நாட்டுக்கு ஒரு திட்டம், மாநிலத்துக்கு ரன்சாங்கான் ஸ்ட்ருக்தூர் எனப்படும் கட்டமைப்புத் திட்டம், அதற்குக் கீழே ரன்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. நமக்கு முக்கியம் கடைசியில் சொன்ன உள்ளூர்த் திட்டம். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது திறந்த வெளிக்கு என்று வரைபடம் போட்டுக் காட்டுவது அதுதான்.

அதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 4 வாரம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த 4 வாரத்தை விட்டுவிட்டால் பிறகு வழி குறுகிவிடும். எப்படி என்றால், உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் மேம்பாட்டு விண்ணப்பம் போட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி 21 நாளுக்குள் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. திட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு அந்தப் பிரிவு அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியே கடிதம் வந்தாலும் அது நில உரிமையாளருக்குத்தான் வரும். தோட்டத்து நிலத்தில் பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக நிற்கும் கோயிலுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

உள்ளாட்சித் தேர்தலும் நமக்கு இல்லை. 1965-இல் நிறுத்தப்பட்டது, பிறகு நடக்கவே இல்லை. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டுப் போட்டு மாற்ற முடியாத இடத்தில், வரைவுத் திட்டத்துக்குக் கொடுக்கும் எழுத்துபூர்வமான ஆட்சேபமும் அதோடு இணைத்த வரைபடமும்தான் குடியிருப்பவரின் கையில் இருக்கும் நல்ல கருவி. அந்த வரைபடம் திட்டம் வெளிவரும் நாளில் தயாராக இருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் 4 வாரத்தில் முடிக்க முடியாது. அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு கேள்வி

புதியவர்கள் எல்லாவற்றையும் வரையப் பார்ப்பார்கள். மரம், கடை, வீடு, நாய்க்கூண்டு வரை. இரண்டாவது வாரத்திலேயே ஆட்கள் களைத்துப் போவார்கள். முதலில் உட்கார்ந்து பேசி ஒரே கேள்வியை முடிவு செய்யுங்கள். மழைக்குத் தண்ணீர் எங்கே ஏறுகிறது? பிள்ளைகள் பள்ளிக்கு எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே ஆபத்து? தோட்டம் நாளைக்கு விற்கப்பட்டால் நாம் இழக்கக் கூடாத இடங்கள் எவை? இவற்றில் ஒன்றை எடுங்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதை முதலில் எடுக்கச் சொல்வேன். அதற்கு அவசரம் அதிகம், களவேலை குறைவு.

கேள்வி முடிவானதும் எல்லையை முடிவு செய்யுங்கள். ஒரு டிவிஷன், ஒரு தாமான், கடைத்தெரு, இவற்றை இணைக்கும் சாலை. முதல் தடவைக்கு அவ்வளவு போதும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

பிளான்மலேசியா என்ற கூட்டரசு நகரத் திட்டமிடல் துறை, ஐ-பிளான் என்ற இணைய வரைபடத்தை நடத்துகிறது. அதில் உங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள். தற்போதைய பயன்பாடு ஒரு அடுக்கு, திட்டத்தில் ஒதுக்கப்பட்ட மண்டலம் இன்னொரு அடுக்கு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு விவசாயம் என்று இருக்கும் நிலம், மண்டல அடுக்கில் குடியிருப்பாகவோ தொழிலாகவோ காட்டப்பட்டிருந்தால், அங்கேதான் உங்கள் வேலையை முதலில் தொடங்க வேண்டும். திரையைப் படம் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

மண்டலம் வேறு, நிலப் பட்டாவில் இருக்கும் வகை வேறு. தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. தோட்ட நிலம் வழக்கமாக விவசாய வகையில் இருக்கும். குறிப்பிட்ட லாட்டின் உரிமையாளர் யார், என்ன நிபந்தனை என்று தெரிய வேண்டுமென்றால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரபூர்வத் தேடல் செய்யலாம். கோயில், பள்ளி, இடுகாடு இருக்கும் லாட்டுகளுக்காவது இதைச் செய்யுங்கள். தமிழ்ப்பள்ளிக்கு இது ரொம்ப முக்கியம். நாட்டில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அவற்றில் பல தோட்ட நிலத்தில், அதாவது பிறர் நிலத்தில் நிற்பதால்தான் பகுதி உதவிபெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன.

அடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய, உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம் அது. உங்கள் டவுனின் பெரிய சாலைகள் அதில் இருக்கும். தோட்டத்துச் சாலைகள் அரைகுறையாக இருக்கும். விடுபட்டதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு போட்டு நீங்களே சேர்க்கலாம். அந்தத் தளத்திலேயே பின்னணிப் படங்கள் தருகிறார்கள். அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். கூகுள் வரைபடத்தைப் பார்த்து அதில் வரையக் கூடாது, உரிம விதி அனுமதிக்காது. இடத்தின் பெயரை மலாயில் எழுதியதும், கூடுதல் மொழி என்று சேர்த்துத் தமிழிலும் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: பெரியவர்களோடு ஒரு தாள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. டவுனையும் தோட்டத்தையும் பெரிய தாளில் அச்சடியுங்கள், ஏ1 அளவு நல்லது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மேசைமேல் விரித்து வையுங்கள். கலர் பேனா கொடுங்கள். பழைய ஆட்கள் முதலில் பத்து நிமிஷம் வரைபடத்தில் திசை பிடிக்கச் சிரமப்படுவார்கள். செம்பனை மில் இருக்கும் இடத்தையும் ஆற்றையும் நீங்களே காட்டிக் கொடுங்கள். அப்புறம் அவர்களை நிறுத்த முடியாது.

பழைய பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, இடித்துவிட்ட லயத்தின் கிணறு, பால்மரம் வெட்டிய காலத்து ஸ்டோர், தீமிதி நடந்த இடம், பிள்ளைகளைப் புதைத்த தனி இடுகாடு, எல்லாம் வரும். இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வேறு வேறு பெயர் சொல்வார்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். பெண்களைத் தனியாக ஒரு மேசையில் உட்கார வைப்பது நல்லது. எந்த முடுக்கில் விளக்கு இல்லை, எந்தப் பாதையில் மாலை ஆறரைக்கு மேல் மகளை அனுப்ப மாட்டோம் என்ற தகவல் அவர்களிடம்தான் இருக்கும். ஆண்கள் மேசையில் இது பெரும்பாலும் வராது.

தாளைப் படம் எடுத்து, தாளையும் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு யாராவது இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதுதான் சான்று.

நான்காம் படி: நடந்து பதிவது

களப் பதிவுக்கு கோபோடூல்பாக்ஸ் என்ற இலவசச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். இணையத்தில் கேள்விப் படிவம் தயாரித்து, கைப்பேசிச் செயலியில் இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத டிவிஷனிலும் வேலை செய்யும். வீட்டுக்கு வந்து வைஃபை கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளலாம். ஒரே படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் வைக்கலாம். கியூஃபீல்டு என்ற செயலி இன்னும் வலுவானது, கோடும் பரப்பும் களத்திலேயே வரையலாம். ஆனால் முன்கூட்டியே கியூஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளில் எல்லாம் அமைத்துக் கொடுக்க வேண்டும். அதை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் கேள்விகள் குறைவாக இருக்கட்டும். லோங்காங் ஒன்றைப் பதிவதாக வைத்துக்கொள்வோம். வரிசை எண் 017. வகை, சிறு பாலத்தடிக் குழாய். தமிழ்ப் பெயர், ஆயாக் கொட்டகைப் பாலம். குழாயின் அகலம், டேப் வைத்து அளந்தது, 60 சென்டிமீட்டர். நிலை, பாதி அடைப்பு. அடைத்திருப்பது என்ன? செம்பனை மட்டையும் மண்ணும். தண்ணீர் தரைக்கு மேல் ஏறுமா? ஏறும், முழங்கால் வரை. சொன்னவர், லயத்தில் குடியிருப்பவர். படம் இரண்டு, ஒன்று தள்ளி நின்று சாலையோடு, ஒன்று கிட்டத்தில் குழாய் வாயை. தேதி. இவ்வளவுதான். ‘லோங்காங் சரியில்லை' என்று எழுதினால் ஆபிஸில் யாரும் அசைய மாட்டார்கள். 60 சென்டிமீட்டர் குழாய் என்று எழுதினால், அது போதுமா என்று ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

வெள்ளத்தைக் கேட்கும்போது ‘எவ்வளவு தண்ணீர் வந்தது' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். 2021 டிசம்பர் வெள்ளம் சிலாங்கூரில் யாருக்கும் மறக்கவில்லை. அந்த நாளில் உங்கள் வீட்டுச் சுவரில் எதுவரை வந்தது என்று கேட்டால், கையை வைத்துக் காட்டுவார்கள். தரையிலிருந்து அந்தக் கைவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். வளர்ந்த செம்பனை மட்டைகளுக்குக் கீழே அது மோசமாகும். திரையில் துல்லியம் மீட்டரில் தெரியும், 5-க்குக் கீழே இறங்கும்வரை அசையாமல் நில்லுங்கள். இறங்கவே இல்லையென்றால் பக்கத்துத் திறந்த இடத்துக்கு வந்து பதிந்து, ‘இங்கிருந்து கிழக்கே 20 அடி' என்று குறிப்பு எழுதுங்கள். இன்னொன்று: படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதிலிருக்கும் இடத் தகவல் அழிந்துவிடும். கோப்பாக, அதாவது டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். பாதிப் பேர் வாட்ஸ்அப் குழுவில்தான் படம் போடுவார்கள் என்பதால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தோட்டம் தனியார் நிலம். மேனேஜரிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு நுழையுங்கள். குலை வெட்டும் பக்கம் போகாதீர்கள், பூட்ஸ் போடுங்கள், தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். காலையில் போனால் மழைக்கு முன் திரும்பிவிடலாம். ட்ரோன் பறக்கவிட ஆசையாக இருக்கும். அதற்கு விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மின் அனுமதி வேண்டும், வான்வழிப் படமெடுக்க நில அளவைத் துறையான ஜூபெம்மின் அனுமதியும் வேண்டும். ஒரு சிறு டவுனுக்கு அது இல்லாமலே முடிக்கலாம்.

ஐந்தாம் படி: கியூஜிஐஎஸ்

சேகரித்ததை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவரும் மென்பொருள் கியூஜிஐஎஸ். இலவசம். திறந்ததும் இடதுபக்கத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பின்னணியாகக் கிடைக்கும், இரட்டைக் கிளிக் செய்தால் வந்துவிடும். அப்புறம் கோபோவிலிருந்து இறக்கிய அட்டவணையைச் சேர்க்க வேண்டும். அங்கே எக்ஸ், ஒய் என்று இரண்டு கட்டம் கேட்கும். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. பெஸ்தாரி ஜெயா பக்கம் என்றால் எக்ஸ் 101-இல் தொடங்கும், ஒய் 3-இல் தொடங்கும். மாற்றிப் போட்டால் புள்ளிகள் உலகத்துக்கு வெளியே போய்விடும், ஏனென்றால் 101 என்று ஒரு அட்சரேகையே கிடையாது. புள்ளிகளைக் காணோம் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அட்டவணையை சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால், எழுத்துக் குறியாக்கத்தில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இனி ஆள்கூற்று முறை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறை. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கைப்பேசி தருவது டிகிரி கணக்கு, மென்பொருளில் அதன் குறியீட்டு எண் 4326. அந்தக் கணக்கிலேயே இருந்துகொண்டு ‘பள்ளியைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போடு' என்று சொன்னால், மென்பொருள் அதை 400 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். உலகத்தையே சுற்றி ஒரு வட்டம் வரும். ஆகவே அளப்பதற்கு முன் அடுக்கை மீட்டர் கணக்குக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். தீபகற்பத்துக்கு அதிகாரபூர்வமான முறை ஜிடிஎம்2000, அதன் தீபகற்ப ஆர்எஸ்ஓ கட்டத்தின் எண் 3375. அதைத் தேர்ந்தெடுத்தால் ஆபிஸ் தரவோடு சேர்ப்பது எளிது. உலகப் பொது முறையான யூடிஎம் வேண்டுமென்றால், 102 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பவர்கள் 32647, கிழக்கே ஜொகூர் பக்கம் இருப்பவர்கள் 32648. முதல் நாளே ஒன்றை முடிவு செய்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லா அடுக்கையும் ஜியோபேக்கேஜ் என்ற ஒரே கோப்பில் சேமிப்பது நல்லது. பழைய ஷேப்ஃபைல் முறையில் ஒரு அடுக்குக்கே நான்கைந்து கோப்புகள் வரும், ஒன்று தொலைந்தாலும் சிக்கல். அட்டவணை நெடுவரிசைகளின் பெயரும் 10 எழுத்துக்கு மேல் போகாது. ஆபிஸில் கேட்டால் மட்டும் அந்த வடிவத்தில் ஏற்றுமதி செய்து கொடுங்கள்.

நிறங்களை நிறையப் போடாதீர்கள். வழிபாடு, பள்ளி, இடுகாடு, தண்ணீர் ஏறும் இடம், நடைபாதை என ஐந்து நிறம் போதும். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் புரிகிற மாதிரி குறியீடுகளின் வடிவத்தையும் மாற்றிவிடுங்கள். நகராண்மைக் கழகத்தில் கோப்பு பல மேசைக்கு நகலாகத்தான் போகும்.

ஆறாம் படி: வரைபடத்திடம் கேள்வி கேட்பது

முதல் கணக்கு எளிது. பள்ளி, பேருந்து நிறுத்தம், கிளினிக் ஒவ்வொன்றையும் சுற்றி 400 மீட்டர் போடுங்கள். திட்டமிடுகிறவர்கள் நடக்கக்கூடிய தூரம் என்று வழக்கமாக எடுத்துக்கொள்வது அதைத்தான். வட்டத்துக்கு வெளியே எத்தனை லயங்கள் விழுகின்றன என்று பாருங்கள். ஆனால் வட்டத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. வட்டம் பறவைக் கணக்கு. நடுவில் ஒரு பெரிய லோங்காங்கோ பூட்டிய தோட்டத்துக் கேட்டோ இருந்தால் 400 மீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர் நடையாகிவிடும். பிள்ளைகள் உண்மையில் நடக்கும் பாதையைக் கோடாக வரைந்து, அதன் நீளத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

வெள்ளத்துக்கு உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. நாசாவின் எஸ்ஆர்டிஎம், ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ், இரண்டும் ஏறக்குறைய 30 மீட்டர் கட்டத்தில் இருக்கும். தோட்டப்புறத்தில் இதை அப்படியே எடுக்கக் கூடாது. விண்ணிலிருந்து அளந்தது பெரும்பாலும் தரையை இல்லை, மேலே இருக்கும் மரத் தலையை. வளர்ந்த செம்பனை நிற்கும் பள்ளம் மேடாகத் தெரியும், மறுநடவுக்காக மரம் வெட்டிய மேட்டு நிலம் பள்ளமாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்து ‘இது மேடு, தண்ணீர் ஏறாது' என்று யாராவது சொன்னால், நீங்கள் டேப் வைத்து அளந்த சுவர் அடையாளங்களை எடுத்துக் காட்டுங்கள். என் கணிப்பில் இந்த வேலையில் அதிகப் பலம் உள்ள தரவு அதுதான். நீர்ப்பாசன, வடிகால் துறையின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று மட்டமும் மழை அளவும் பார்க்கலாம். வெள்ளம் வந்த நாளின் எண்ணை அங்கிருந்து குறித்து, உங்கள் அளவோடு சேர்த்து வையுங்கள்.

நிலம் எப்போது மாறியது என்று காட்ட சென்டினல்-2 படங்கள் உதவும். 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒருமுறை, மேகம் இல்லாத நாள் கிடைத்தால் நல்ல படம். பழைய காலத்துக்கு கூகுள் எர்த் ப்ரோவில் ஆண்டு வாரியாகப் பின்னோக்கிப் போகலாம். மேட்டில் காடு வெட்டிய ஆண்டும் கீழே லயத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாக வந்தால், அதை அருகருகே இரண்டு படமாக வையுங்கள். இதனால்தான் அது என்று முடிவாக எழுதாதீர்கள். ஆராயும்படி கேளுங்கள்.

எதை வெளியே காட்டக் கூடாது?

யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன ஆவணம் இல்லை, எந்த லயத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்குகிறார்கள் என்ற தகவல் எதுவும் பொது வரைபடத்தில் வரக் கூடாது. படிவத்திலேயே கேட்காமல் இருப்பது இன்னும் நல்லது. பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்க நேர்ந்தால் தனிக் கோப்பில், கடவுச்சொல் போட்டு, ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். பழைய கோயில்களில் இருக்கும் சிலைகள், நகைப் பெட்டி பற்றிய விவரமும் வேண்டாம். உடைபட்ட கோயில்களைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் வரைபடத்தில் போடும் எல்லைக்கோடு சட்டபூர்வமான எல்லை ஆகாது. உரிமம் பெற்ற நில அளவையாளர் அளந்தால்தான் அது செல்லும், அதற்கென்றே 1958-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆகவே தாளின் அடியில் ‘தோராயமானது, குடியிருப்பாளர்கள் பதிந்தது' என்று மலாயில் ஒரு வரி போட்டுவிடுங்கள். இந்த ஒரு வரி இருந்தால், எல்லைத் தகராறு என்று கோப்பை ஓரங்கட்ட முடியாது.

ஏழாம் படி: ஆபிஸுக்குக் கொண்டுபோவது

ஏ3 தாளில் ஒரே ஒரு வரைபடம். அதற்குப் பின்னால் இரண்டு பக்க அட்டவணை. அதற்குப் பின்னால் படங்கள், ஒவ்வொன்றிலும் வரிசை எண். மேலே ஒரு பக்கக் கடிதம், மலாயில், நகராண்மைக் கழக யாங் டி பெர்துவாவுக்கு, நகல் திட்டமிடல் பிரிவுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும். பெஸ்தாரி ஜெயா என்றால் கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம். கூடவே ஒரு பென்டிரைவில் ஜியோபேக்கேஜும், கூகுள் எர்த்தில் திறக்கும் கேஎம்எல் கோப்பும். அதிகாரி தன் கணினியில் தன் திட்டத்தின் மேலேயே உங்கள் புள்ளிகளை வைத்துப் பார்க்க முடிந்தால், பேச்சு வேறு மாதிரி போகும். தமிழ்ப் பெயர் ஒரு நெடுவரிசை, மலாய் விளக்கம் பக்கத்து நெடுவரிசை.

கோரிக்கையைக் குறிப்பாக எழுதுங்கள். ‘எங்கள் கோயிலைக் காப்பாற்றுங்கள்' என்ற வரியை வைத்துத் திட்ட அதிகாரி எதுவும் செய்ய முடியாது. ‘இந்த லாட்டில், வரைபடத்தில் எண் 4 என்று குறித்த, ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பை உள்ளூர்த் திட்டத்தில் வழிபாட்டு நிலமாகக் குறிக்கக் கேட்கிறோம்' என்று எழுதினால், ஏற்பதா மறுப்பதா என்று அவர் முடிவு செய்ய முடியும். பரப்பை ஹெக்டரிலும் எழுதுங்கள். ஒரு ஹெக்டர் ஏறக்குறைய 2.47 ஏக்கர்.

கொடுத்ததற்கு உங்கள் நகலில் தேதியோடு சாப் வாங்கிக்கொள்ளுங்கள். வரைவுத் திட்டம் பார்வைக்கு வரும்போது இதே கோப்பை ஆட்சேபப் படிவத்தோடு மறுபடியும் இணைக்க வேண்டும். முன்பு கொடுத்தோமே என்று சும்மா இருந்துவிடக் கூடாது, ஆட்சேப காலத்தில் வருவதுதான் ஆட்சேபமாகக் கணக்கில் ஏறும். நேரில் விளக்க விரும்புகிறோம் என்றும் அதிலேயே எழுதுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் நடந்து பதிந்தவர்களில் ஒருவரையும், லயத்தில் குடியிருக்கும் ஒருவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுவது நல்லது. குடியிருப்பின் தரம் பற்றி 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டப்படி அவர்களுக்கும் கடமைகள் உண்டு. அடைத்த குழாயைச் சுத்தம் செய்வது போன்ற சின்ன வேலைகளை அவர்களே முடித்துக்கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை, பள்ளி விடுமுறையில் ஒன்று, ஆண்டு இறுதி மழைக்கு முன் ஒன்று என்று வைத்து, எல்லாப் புள்ளிகளையும் மீண்டும் ஒரு சுற்று பாருங்கள். சரிசெய்யப்பட்டதை அழிக்காதீர்கள், நிலையை மட்டும் மாற்றித் தேதி போடுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டும் மாதமும் இருக்கட்டும். ஒரு பிரதி கோயில் அலமாரியில், ஒன்று பள்ளியில், ஒன்று இணையச் சேமிப்பில். கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். அந்த இருவரில் ஒருவர் படிவம் ஐந்தோ ஆறோ முடித்த பிள்ளையாக இருந்தால், அவர் வேலைக்கோ படிப்புக்கோ ஊரைவிட்டுப் போகும் முன்பே அடுத்தவரைப் பழக்கிவிடுங்கள்.